சளிக்குச் சாயம் ஏற்றும் இயந்திரம்

ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். அந்தி சாய்ந்தால் காய்ச்சல். கிளினிக்கில் ஒரு சிறு டப்பாவைக் கொடுத்துச் சளி கொண்டுவரச் சொல்கிறார்கள். அந்த டப்பா பிறகு என்ன ஆகிறது?

காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882 மார்ச் 24-ந் தேதி பெர்லினில் உலகுக்கு அறிவித்தார். நிறமில்லாத கிருமி அது. சாயம் ஏற்றினால்தான் மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குத் தெளிவாகப் படும். சாயமோ லேசில் ஏறாது. சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாமல் உருளுகிறதல்லவா? அதுபோல் இதன் மேல் மெழுகு போன்ற ஒரு போர்வை. சீல், நீல்சன் என்ற இரு ஜெர்மானியர்களின் பெயரால் வழங்கும் முறையில், சளி தடவிய கண்ணாடித் தகட்டில் சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி பறக்கச் சூடேற்றுவார்கள். ஏறிவிட்டாலோ மங்குஸ்தான் கறைதான்! அமிலம் விட்டுக் கழுவினால் மற்றதெல்லாம் வெளுக்கும், இது வெளுக்காது. பிறகு நீலச் சாயம். நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் காசநோய் என்று சந்தேகப்பட வேண்டியதுதான்.

கையால் செய்யும்போது தகட்டுக்குத் தகடு பக்குவம் மாறும். அமிலம் போதாவிட்டால் வேறு பொருள்களும் சிவப்பாகவே நின்று ஆளை ஏமாற்றும். சாயம் சரியாக ஏறாவிட்டால் இருக்கிற கிருமியும் தெரியாமல் போகும். இதற்காக வந்ததுதான் சாயமேற்றும் இயந்திரம். வட்டத் தட்டில் தகடுகளைச் செருகி மூடிவிட்டால் தட்டு சுழலும். சிறு குழாய்கள் சாயத்தையும் அமிலத்தையும் தண்ணீரையும் நொடிக்கணக்குப் பார்த்துப் பீய்ச்சும். ஒவ்வொரு முறையும் புதுச் சாயம். தகடுகளை வரிசையாக ஒரே ஜாடியில் முக்கி எடுக்கும் இயந்திரங்களும் உண்டு. காசநோய்க்கு அவை ஆகாது என்பேன். ஒரு தகட்டில் கழன்ற கிருமி இன்னொன்றில் ஒட்டினால், ஒருவருடைய நோய் மற்றவர் பேரில் எழுதப்பட்டுவிடுமே!

சுழல் இயந்திரத்திலும் சாயம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்வதுண்டு. ஆகவே கிருமி உள்ளதென்றும் இல்லையென்றும் முன்பே தெரிந்த இரு தகடுகளையும் கூடவே ஓட்டிப் பார்ப்பார்கள். தண்ணீரையும் கவனிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரிலேயே இதன் ஒன்றுவிட்ட உறவுக் கிருமிகள் சில சமயம் வாழும், அவையும் சிவப்பாகத்தான் தெரியும்.

இவ்வளவும் செய்கிற இயந்திரத்துக்கு டப்பாவில் இருப்பது சளியா எச்சிலா என்று தெரியாது. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் இந்தச் சோதனையில் அகப்படும். நம் பெண்கள் பலர் பிறர் எதிரில் காறித் துப்பக் கூச்சப்பட்டு வெறும் எச்சிலைக் கொடுத்துவிடுகிறார்கள். ‘கிருமி இல்லை’ என்று தாள் வருகிறது. வீட்டில் இருமல் தொடர்கிறது, பக்கத்தில் குழந்தை படுத்திருக்கிறது.

காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், ஆட்களை விட்டுத் தள்ளி நின்று, இரண்டு மூன்று முறை ஆழ மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். தகட்டில் தெரியாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே, கிருமியை வளர்த்துப் பார்த்தல், மரபணுச் சோதனை எல்லாம் உண்டு.

வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாத முடிவில் மறுபடி டப்பா கொடுப்பார்கள். ‘இருமல்தான் நின்றுவிட்டதே’ என்று பலர் கொண்டுபோவதில்லை. சிவப்புக் குச்சிகள் மறைந்தனவா, மருந்தை மாற்ற வேண்டுமா என்று டாக்டர் பார்ப்பது அந்த டப்பாவில்தான்.