பெரிய மீன் வளர்ப்போர் கவனத்துக்கு

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று நம்மவர்கள் குடியிருக்கும் பகுதிகளில் ஒற்றை அறை வீட்டிலும் ஒரு மீன் தொட்டியைக் காணலாம். நாய் வளர்க்க இடமில்லாத மும்பையில் இது நல்ல பொழுதுபோக்குத்தான். ஆனால் வாங்கிய சில மாதங்களில் மீன் செத்து மிதப்பதும், "நமக்கு ராசியில்லை" என்று தொட்டியைப் பரண் மேல் ஏற்றிவிடுவதும் இங்கே சாதாரணம். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குறை தண்ணீரில் இருக்கிறது.

கடையில் 2 அங்குலமாக இருக்கும் ஆஸ்கர் மீன் வளர்ந்தால் ஓர் அடி இருக்கும். அதிர்ஷ்டம் தரும் என்று வாங்கப்படும் வெள்ளி அரோவானா 3 அடி வரை வளரும். சிவப்பு வால் கெளுத்தியோ 4 அடியையும் தாண்டும். மூன்றுமே தென் அமெரிக்க ஆறுகளின் மீன்கள். "தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்" என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். சிறு தொட்டியில் அது வளர்ச்சி குன்றி, நோயுற்றுச் சாகும்.

காரணம் அம்மோனியா. மீன் தன் செவுள் வழியாகவே இந்த நஞ்சை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட இரையும் அழுகி அதையே உண்டாக்கும். வண்ண மீன் பண்ணைகளுக்குப் பெயர் பெற்ற சென்னை கொளத்தூர் போன்ற இடங்களிலிருந்து வெளியூருக்கு மீன் அனுப்புகிறவர்கள், பையில் அடைக்கும் முன் அதைப் பட்டினி போடுவது இதனால்தான்.

தொட்டிக்குள் இந்த நஞ்சை மாற்றுபவை, வடிகட்டியின் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் அவை மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பெரிய மீனை விட்டால் பிழைப்பது கடினம். பஞ்சைக் குழாய் நீரில் அலசினால் குளோரின் பட்டு நுண்ணுயிர்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். மொத்த நீரையும் ஒரேயடியாக மாற்றுவது தவறு. மாநகராட்சி நீரை டிரம்மில் ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். கொசு முட்டையிடாதபடி வாயில் வலைத் துணி கட்டுங்கள். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்க்கலாம். ஆஸ்கருக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பம் ஏற்றது. கோடையில் நீர் சூடேறினால் அதில் பிராணவாயு குறையும். அப்போது காற்று மோட்டார் நிற்காமல் ஓட வேண்டும்.

ஓர் ஆஸ்கருக்கே 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி தேவை. அது கொள்ளும் நீர் ஏறத்தாழ 340 லிட்டர்; எடை 340 கிலோ. கண்ணாடியின் எடை தனி. மரப்பலகைத் தளம் போட்ட பழைய சால்களில் மாடியில் வைக்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

வளர்ந்த மீனை வைக்க இடமில்லை என்று ஏரியில் விடுவது பெருந்தவறு. தொட்டி சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீன் அப்படித்தான் கேரளம், ஆந்திரம், மேற்கு வங்க நீர்நிலைகளில் பரவி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெரிய தொட்டிக்கு வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டாம். 50 லிட்டர் தொட்டியில் பத்துக் கப்பி மீன்கள் சுகமாக வாழும். காசு கொடுக்குமுன் கடைக்காரரிடம் மீனின் விலையோடு, அது எவ்வளவு பெரிதாக வளரும் என்பதையும் கேளுங்கள்.