கருமுட்டை ஃப்ரீஸிங்: ரீஸ்டோர் பண்ணிப் பார்க்க முடியாத பேக்கப்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் ஆபீஸ்ல ஹெல்த் செக்கப். பேக்கேஜ்ல ஏஎம்ஹெச்னு ஒரு பிளட் டெஸ்ட் இருந்துச்சு. என்னன்னே தெரியாம டிக் பண்ணிட்டேன். ரிசல்ட் வந்தப்போ அந்த நம்பருக்குப் பக்கத்துல சிவப்புல 'குறைவு'ன்னு போட்டிருக்கு. எனக்கு வயசு 28. ராத்திரி மூணு மணி வரைக்கும் கூகுள்தான். காலையில அம்மாகிட்ட சொன்னா, "இதுக்குத்தான் காலாகாலத்துல கல்யாணம் பண்ணிக்கோன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்"னு ஆரம்பிச்சுட்டாங்க. அன்னிக்கு சாயந்தரமே இன்ஸ்டாகிராம்ல எக் ஃப்ரீஸிங் விளம்பரம். இந்த அல்காரிதம் எழுதுற கூட்டத்துல நானும் ஒருத்திங்கறதால யாரையும் திட்டவும் முடியல.

அப்புறம் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். முதல் ஆறுதல் அங்கதான் கிடைச்சுது. ஏஎம்ஹெச் என்பது சினைப்பையில் இருக்கும் சின்னச் சின்ன நுண்பைகள் சுரக்கும் ஹார்மோன். முட்டைகளோட கையிருப்பு எவ்வளவுன்னு தோராயமா காட்டும். தரத்தைக் காட்டாது. இயற்கையா கர்ப்பம் ஆகுமா ஆகாதாங்கறதையும் சொல்லாது. 30 முதல் 44 வயசு வரையிலான பெண்களை வச்சு 2017-ல ஒரு அமெரிக்க ஆய்வு வந்துச்சு. குழந்தைக்கு முயற்சி பண்ண ஆரம்பிச்சவங்கள்ல, ஏஎம்ஹெச் குறைவா இருந்தவங்களுக்கும் மத்தவங்களுக்கும் கர்ப்பமாகும் வாய்ப்புல பெரிய வித்தியாசம் இல்லன்னுதான் அதுல தெரிஞ்சுது. மாசத்துக்கு ஒரு முட்டைதானே வெளிய வருது, கிடங்குல எத்தனை இருந்தா என்ன? ஆனா ஃப்ரீஸ் பண்ணப் போறோம்னா கதை வேற. ஒரு ரவுண்டுல எத்தனை முட்டை கிடைக்கும்னு கணிக்க இந்த நம்பர் உதவும். எனக்கு ஒரு ரவுண்டு போதாம போகலாம்னு டாக்டர் சொன்னாங்க.

ரவுண்டுன்னா என்ன? சுமார் 10 முதல் 12 நாள் தினமும் வயித்துல ஹார்மோன் ஊசி. நடுநடுவுல ஸ்கேன், பிளட் டெஸ்ட். நுண்பைகள் போதுமான அளவு வளர்ந்ததும் கடைசியா ஒரு ஊசி. அதுக்கு 36 மணி நேரம் கழிச்சு, மயக்கம் கொடுத்து, ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே பிறப்புறுப்பு வழியா ஊசி விட்டு முட்டைகளை உறிஞ்சி எடுப்பாங்க. அதுல முதிர்ந்த முட்டைகளைத்தான் உறைய வைப்பாங்க. வயிறு உப்புசம் சாதாரணம். சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும்; அரிதா அது ஆஸ்பத்திரியில சேர்க்கிற அளவுக்கும் போகும்.

"இப்பவே இத்தனை எடுத்துட்டா பின்னாடி சீக்கிரம் தீர்ந்துடாதா?"ன்னு என் ரூம்மேட் கேட்டா. தீராது. ஒவ்வொரு மாசமும் பல முட்டைகள் வளரக் கிளம்பி, ஒண்ணு மட்டும் ஜெயிச்சு, மிச்சமெல்லாம் அழிஞ்சுடும். ஊசி செய்றது, அந்த அழியப்போற கூட்டத்தைக் காப்பாத்தி வளர்க்கிறதுதான்.

உறைய வைக்கிறதுலதான் பல வருஷம் சிக்கல் இருந்துச்சு. உறைஞ்ச முட்டையிலிருந்து முதல் குழந்தை 1986-லேயே ஆஸ்திரேலியாவுல பிறந்தாச்சு. ஆனா முட்டை ரொம்பப் பெரிய செல், உள்ள நிறைய தண்ணி. மெதுவா குளிர வச்சா ஐஸ் படிகம் உருவாகி செல்லையே குத்திக் கிழிச்சுடும். விட்ரிஃபிகேஷன்ங்கற முறையில, படிகம் உருவாகவே நேரம் கொடுக்காம, நொடியில கண்ணாடி மாதிரி ஆக்கி மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல வைக்கிறாங்க. அதுக்கப்புறம்தான் 2012-ல அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதை 'பரிசோதனை நிலை'யிலிருந்து எடுத்தது. ரெண்டே வருஷத்துல ஃபேஸ்புக்கும் ஆப்பிளும் ஊழியர்களுக்கு இதுக்குக் காசு தர்றோம்னு வந்துட்டாங்க. லீவையும் வேலை நேரத்தையும் சரி பண்றதை விட இது சுலபம் போலன்னு அப்பவே பலர் கிண்டல் பண்ணாங்க. எனக்கும் அதே சந்தேகம்தான்.

விளம்பரங்கள் இதை 'இன்ஷூரன்ஸ்'னு சொல்லுது. இன்ஷூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ணா காசாவது வரும். இது அப்படி இல்ல. உருக்கும்போது சில முட்டை போகும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு விந்தணுவை ஊசியால செலுத்தணும், அதுல சில கருவாகாது. கருவானதுல சில வளராது. வளர்ந்தது கர்ப்பப்பையில ஒட்டணும். பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 2017-ல போட்ட ஒரு கணக்குப்படி, ஒரு குழந்தையாவது பிறக்க 75 சதவீத வாய்ப்பு வேணும்னா 34 வயசுல 10 முட்டை போதும். 37 வயசுல 20. 42 வயசுல 61. எங்க டீம்ல, ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லன்னு சொல்வாங்க. இதை ரீஸ்டோர் பண்ணிப் பார்க்குற நாள், நிஜமாவே தேவைப்படுற நாள்தான்.

அப்போ சீக்கிரமே பண்ணிடலாமேன்னு தோணும். அங்கதான் சட்டம் வருது. இந்தியாவுல 2021-ல வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி கல்யாணம் ஆகாத பெண்ணும் இதைச் செய்யலாம். சிகிச்சைக்கான வயசு 21-க்கு மேல, 50-க்குள்ள. ஆனா சேமிப்புக்கு 10 வருஷ வரம்பு. 25-ல வச்சா 35-ல முடிஞ்சுடும். அந்த வயசுல பலருக்கு அது தேவையே படாது. பிரிட்டன்லயும் இப்படி 10 வருஷம்தான் இருந்துச்சு, 2022-ல 55 வருஷமா மாத்திட்டாங்க. காசு? நான் விசாரிச்ச இடங்கள்ல ஒரு ரவுண்டுக்கே ஒன்றரை லட்சத்துக்கு மேல. வருஷா வருஷம் சேமிப்புக் கட்டணம் தனி. பின்னாடி ஐவிஎஃப் செலவு அதுக்கும் மேல. க்ளினிக்ல நீங்க கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "உங்ககிட்ட உறைய வச்சவங்கள்ல திரும்பி வந்து பயன்படுத்தினவங்க எத்தனை பேர், குழந்தை பிறந்தது எத்தனை பேருக்கு?" நான் போன இடத்துல கவுன்சிலர் பதிலுக்கு இஎம்ஐ அட்டவணையை நீட்டினாங்க.

கீமோதெரபிக்கு முன்னாடி செய்றவங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அவங்களுக்குக் காத்திருக்க நேரமே இருக்காது. மாதவிடாய் சுழற்சியோட எந்த நாள்லயும் ஊசியை ஆரம்பிக்கலாம், ரெண்டு வாரத்துல முடிச்சுடலாம்.

நான் 31 வயசுல ஒரு ரவுண்டு, தேவைப்பட்டா ரெண்டுன்னு முடிவு பண்ணி இப்பவே ஒரு ஆர்டி ஆரம்பிச்சிருக்கேன். நடுவுல மனசு மாறினா, அந்தக் காசுல ஜப்பான் போவேன். அம்மாகிட்ட இதையெல்லாம் ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "தினமும் அந்த ஊசியை யாருடி போடுவா?"ன்னு கேட்டாங்க. நானேதான் போட்டுக்கணும்மான்னேன். "நீயா? டெட்டனஸ் ஊசிக்கே கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவ. அந்த மாசம் நான் வந்து உங்கூட இருக்கேன்."