மார்கழியில் பொங்காத மாவு

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, சிப்காட் தொழிற்பூங்காவும் 2020இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கமும் அமைந்துள்ள தேர்வாய் கண்டிகைப் பகுதியில், கோடையில் ஆறேழு மணி நேரத்திலேயே பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுவிடும் இட்லி மாவு, மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும்போது, விடிந்த பிறகும் கரைத்து வைத்த அளவிலேயே நிற்பதுண்டு. முதல் ஷிப்டுக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் உள்ள வீடுகளில் இது காலை உணவையே குலைத்துவிடும் என்பதால், இதன் காரணம் அறியத்தக்கது.

உளுந்தின் மீதும் அரிசியின் மீதும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள் ஊறும்போதே பெருகத் தொடங்குகின்றன என்பதையும், அவற்றுள் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியாவே மாவை உப்பச் செய்யும் கரியமில வாயுவை முதன்மையாக வெளியிடுகிறது என்பதையும், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஸ்டெயின்கிராஸ் உள்ளிட்டோர் 1965இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. எனவே கையால் கலந்தால்தான் மாவு பொங்கும் என்ற நம்பிக்கைக்குப் பெரிய அடிப்படை இல்லை. உப்பும் உளுந்தும் அரிசியும் சீராகச் சேர வேண்டும், அதைக் கரண்டியும் செய்யும். வாயு உருவானால் மட்டும் போதாது. அதைப் பிடித்து வைக்கும் வழவழப்பை உளுந்தின் புரதமும் பசைப்பொருளுமே தருகின்றன என்பதால், உளுந்து பழையதாகவோ தண்ணீர் மிகுந்தோ இருந்தால் மாவு புளித்தும் உயராமல் கிடக்கும். அரைத்த உளுந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் அது மிதக்க வேண்டும். மூழ்கினால் குறை குளிரில் இல்லை, அரைப்பில்தான்.

லாகர் என்னும் பீர் வகையை வீட்டில் தயாரிக்கும் மேலைநாட்டினருக்கும் இதே கவலை உண்டு. அதற்குரிய ஈஸ்ட் ஏறத்தாழ 8 முதல் 13 டிகிரிக்குள் நிதானமாக வேலை செய்வது. அந்த நிதானத்தைத் தேக்கம் என்று எண்ணிப் புது ஈஸ்ட்டைச் சேர்ப்பதற்கு முன், கரைசலின் அடர்த்தியை இரண்டு மூன்று நாள் அளந்து, சர்க்கரை இன்னும் குறைந்து வருகிறதா என்று பார்ப்பதும், குறையவில்லை எனில் வெப்பத்தைச் சில டிகிரி உயர்த்துவதும் அவர்களது முறை. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஈஸ்ட்டின் தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்த பின் லாகர் ஆலைகள் ஒரே வகை ஈஸ்ட்டை நம்பி இயங்கின. இட்லி மாவோ பல இனங்கள் முறைவைத்து உழைக்கும் கலவையாகவே இன்றும் நீடிக்கிறது, அதன் தனிச்சுவைக்கும் அதுவே காரணம்.

அடர்த்தி அளக்கும் கருவி இல்லாத அடுப்படியில், மாவின் ஓரத்தைக் கரண்டியால் மெல்ல விலக்கிப் பார்ப்பதே போதுமான சோதனை: உள்ளே ஊசிமுனை அளவு குமிழிகள் தென்பட்டால் மாவு மெதுவாக நடக்கிறது, நின்றுவிடவில்லை. குமிழியே இல்லையெனில் அதற்கு வேண்டியது வெதுவெதுப்பு. வெதுவெதுப்பான நீர் நிரப்பிய அகன்ற பாத்திரத்துள் மாவுப் பாத்திரத்தை இறக்கி வைக்கலாம், ஆனால் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் அந்த நுண்ணுயிர்களே தளர்ந்துவிடும். பழைய மாவை ஒரு கரண்டி சேர்ப்பது பலரும் கையாளும் வழியே எனினும், அதில் அமிலம் தாங்கும் இனங்கள் மிகுந்திருப்பதால், பொங்குவதற்கு முன்பே புளிப்பு ஏறிவிடக்கூடும். சமையல் சோடாவோ வேகும் நேரத்தில் வாயுவைத் தருமே தவிர, இரவெல்லாம் ஊறி வர வேண்டிய சுவையைத் தராது. அவசரமான காலையில் வேண்டிய மாவை மட்டும் எடுத்துத் தோசை வார்த்துவிட்டு, எஞ்சியதை வெயில் விழும் சன்னலருகே மூடி வைத்தால், பெரும்பாலும் மதியத்துக்குள் அது எழுந்துவிடும். இரவுக்கு இட்லி வார்க்கலாம்.