பழைய சரக்கு வண்டியும் புகைச் சான்றும்

2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் 'ஏஸ்' என்னும் சிறிய சரக்கு வண்டியை வெளியிட்டபோது, வடநாட்டார் அதற்குச் 'சோட்டா ஹாத்தி' என்று பெயரிட்டனர். தமிழ்நாட்டு மக்களோ 'குட்டியானை' என்றனர். இரு மொழியாரும் ஒருவரையொருவர் கலந்து பேசாமலே ஒரே பெயரைச் சூட்டியது, அவ்வண்டி ஏழைத் தொழிலாளிக்கு எத்துணை உற்ற துணையாயிற்று என்பதற்குச் சான்றாகும். இன்று அதனையும், அதைப் போன்ற பிக்கப் வண்டிகளையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் தலைநகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பல. ஆசாத்பூர் சந்தையிலிருந்து காய்கறியும், காஜிப்பூர் சந்தையிலிருந்து பூவும், ரயில்வே பார்சல் நிலையத்திலிருந்து மூட்டைகளும் பெரும்பாலும் இவற்றிலேதான் ஏறி வருகின்றன. நம்மவருள்ளும் சமையல் ஒப்பந்தம், பந்தல் வேலை, இட்லி மாவு வியாபாரம், வீட்டுச் சாமான் இடம் மாற்றுதல் ஆகிய தொழில்களை நடத்துவோர் இத்தகைய வண்டி ஒன்றையே முதலாகக் கொண்டிருக்கின்றனர்.

அவ்வண்டி பழையதானால் என் செய்வது? எத்தனை ஆண்டு வரை அதனை ஓட்டலாம்? புகைப் பரிசோதனையில் தேறினால் பதிவு நீடிக்குமா, நீடிக்காதா? இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தெரியாமையால் பலர் இடைத்தரகரிடம் பொருளை இழக்கின்றனர். சிலர் வண்டியையே இழக்கின்றனர். ஆகவே, சட்டம் கூறுவது யாது என்பதை முதலிலும், அது நியாயந்தானா என்பதைப் பின்னரும் ஆராய்வோம்.

மூன்று பத்திரங்கள்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படியும், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படியும் ஒரு சரக்கு வண்டிக்கு மூன்று பத்திரங்கள் இன்றியமையாதவை. ஒன்று, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்று. இரண்டாவது, எஃப்.சி. என்று வழங்கும் தகுதிச் சான்று. மூன்றாவது, புகைச் சான்று.

சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் வண்டியைச் சோதித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். சரக்கு வண்டியின் நிலை வேறு. அதற்குச் செல்லத்தக்க எஃப்.சி. இல்லையேல் பதிவே இல்லாத வண்டியாகவே சட்டம் அதனைக் கருதும். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் எஃப்.சி. பெற வேண்டும்.

இங்கே நம்மவர் பலர் மயங்கும் இடம் ஒன்று உண்டு. 'நான் வாடகைக்கு ஓட்டவில்லை. என் கடைச் சரக்கைத்தானே ஏற்றுகிறேன்' என்பர். சரக்கேற்றுவதற்காக அமைக்கப்பட்ட வண்டி, சொந்தச் சரக்கை ஏற்றினாலும் சரக்கு வண்டியே. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை என்பது மெய். ஆனால் அச்சலுகை எஃப்.சி.க்கும் புகைச் சான்றுக்கும் இல்லை.

புகைச் சான்றைப் பற்றிக் கூறுவது 115ஆவது விதி. முதற்பதிவு நாளிலிருந்து ஓராண்டு கழிந்தபின் ஒவ்வொரு மோட்டார் வண்டியும் இச்சான்றைக் கொண்டிருத்தல் வேண்டும். மத்திய விதிப்படி பழைய வண்டிக்கு ஆறு மாதமும், பாரத் 4, பாரத் 6 ஆகிய தரங்களைச் சேர்ந்த வண்டிக்கு ஓராண்டும் இது செல்லும். 2019இல் சட்டம் திருத்தப்பட்டபின், இவ்விதியை மீறுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் முடக்கப்படலாம். ஒரு நாள் வாடகை ஆயிரம், இரண்டாயிரம் கிடைக்கும் தொழிலாளிக்கு இது எத்தகைய அடி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பரிசோதனை நடைபெறும் முறை

டீசல் வண்டியைச் சோதிப்பது அரிய வித்தையன்று. எஞ்சினை நன்றாகச் சூடேற்றிய பின், கியர் போடாமல் நிறுத்திவைத்து, ஆக்ஸிலேட்டரை விரைந்து முழுவதும் மிதித்து விட வேண்டும். புகைக்குழாயில் செருகிய கருவியின் வழியே செல்லும் புகையில் ஒளி பாய்ச்சப்படும். அவ்வொளியில் எவ்வளவு மறைக்கப்படுகிறது என்பதே அளவு. இவ்வாறு பலமுறை மிதித்துச் சராசரி காண்பர். பாரத் 4 தரத்துக்கு முந்திய வண்டிக்கு ஹார்ட்ரிஜ் அளவில் 65 வரை அனுமதி. பாரத் 4 வண்டிக்கு 50 வரைதான். பெட்ரோல் வண்டிக்குப் புகையின் கருமை அளவன்று. கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று பார்ப்பர். பாரத் 4 தரமுள்ள நான்கு சக்கர வண்டியில் கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படலாகாது.

பழைய டீசல் வண்டி தேறாமற்போவதற்குரிய காரணங்களும் மறைபொருளல்ல. காற்று வடிகட்டி அடைபட்டிருந்தால் எரிபொருளுக்கு வேண்டிய காற்றுக் கிட்டாது. நாஸில் தேய்ந்திருந்தால் டீசல் நுண்துளியாகாமல் சொட்டாக விழும். இரண்டாலும் கரும்புகை எழும். நீலம் பாய்ந்த புகை வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்து எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். வடிகட்டியை மாற்றி, நாஸிலைச் சோதித்துப் பழுது பார்த்து, பம்ப்பைச் சரியாக அமைத்துவிட்டால், பெரும்பாலான வண்டிகள் தேறிவிடும். அதிகச் சுமை இழுக்க வேண்டுமென்று பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டும் வழக்கம் மெக்கானிக்குகளிடையே உண்டு. அது வண்டிக்கு வலிமை தருவதுபோல் தோன்றினும், பணத்தைப் புகையாக்குவதேயாகும்.

தலைநகரின் தனி வழி

இதுவரை கூறியவை நாடு முழுமைக்கும் பொது. டெல்லிக்கும் அதனைச் சூழ்ந்த தேசியத் தலைநகர் வட்டாரத்துக்கும் வேறொரு கட்டுப்பாடும் உண்டு. 15 ஆண்டுக்கு மேற்பட்ட எவ்வண்டியும் ஓடலாகாதென்று 2014 நவம்பரிலும், 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டி ஓடலாகாதென்று 2015 ஏப்ரலிலும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018 அக்டோபர் 29இல் உச்ச நீதிமன்றமும் அதனை நிலைநாட்டியது. 2025 ஜூலை முதல் நாளன்று, அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல், டீசல் வழங்கலாகாதென்ற கட்டளை டெல்லியில் நடைமுறைக்கு வந்து, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 12இல், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்மீது கடுநடவடிக்கை எடுக்கலாகாதென்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. டிசம்பரில் அவ்வாணை திருத்தப்பட்டது. பாரத் 4 தரமும் அதற்கு மேற்பட்ட தரமும் உள்ள வண்டிகளுக்கே அப்பாதுகாப்பு என வரையறுக்கப்பட்டது.

ஆகவே, உங்கள் வண்டி எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பதை அறிவதே முதற்கடமை. ஆர்.சி.யில் அது குறிக்கப்பட்டிருக்கும். தலைநகர் வட்டாரத்தில் பாரத் 4 தரம் 2010இல் வந்தது. நாடு முழுவதற்கும் அது பரவியது 2017 ஏப்ரலில்தான். ஒரே ஆண்டில் வாங்கிய இரு வண்டிகளில் ஒன்று பாரத் 3 ஆகவும், மற்றொன்று பாரத் 4 ஆகவும் இருக்கக்கூடும். வேற்றூரிலிருந்து பழைய வண்டியை மலிவாக வாங்க எண்ணுவோர், விலையைக் கேட்பதற்கு முன் தரத்தைக் கேட்டல் நலம்.

வயதா, புகையா?

இனி நியாயத்தைப் பார்ப்போம். 'என் வண்டி சோதனையில் தேறுகிறது. நாள்தோறும் துடைத்துப் பேணுகிறேன். என்னைவிட இளைய வண்டி ஒன்று கரும்புகை கக்கிச் செல்கிறது. அதனை விட்டு என் வண்டியை ஏன் ஒதுக்க வேண்டும்?' என்று தொழிலாளி கேட்கிறார். இக்கேள்வியில் உண்மை உண்டு. மனிதனைப் போலவே எஞ்சினும் வயதால் மட்டும் கெடுவதில்லை, பேணாமையாலும் கெடுகிறது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 0.05 கிராம் துகள் வரை பாரத் 3 அனுமதித்தது. பாரத் 4 அதனை 0.025 ஆக்கியது, 2020 ஏப்ரலில் வந்த பாரத் 6 அதனை 0.0045 ஆகக் குறைத்தது. பழைய எஞ்சினை எவ்வளவு பேணினாலும், புதிய எஞ்சினின் தூய்மையை அது எட்டாது. மேலும், நாம் முன்னர்க் கூறிய புகைச் சோதனை கண்ணுக்குத் தெரியும் கருமையையே அளக்கிறது. நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும் நுண்துகளையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் அது தனித்தனியே எடுத்துக் காட்டுவதில்லை. குளிர்காலத்தில் டெல்லிப் பள்ளிகள் மூடப்படுவதையும், இருமும் குழந்தைகளை மருத்துவரிடம் தூக்கி ஓடுவதையும் அறியாத குடும்பம் நம்மிடையே உண்டா? வண்டி ஓட்டும் தந்தையின் குழந்தையும் அதே காற்றைத்தான் உட்கொள்கிறது. நாளெல்லாம் சாலையிலே இருப்பதால், மற்றெவரையும்விட அத்தந்தையே மிகுதியாக உட்கொள்கிறார்.

இவ்விரண்டுக்கும் நடுவே நின்று வழக்கைத் தீர்த்திருக்க வேண்டியது நேர்மையான பரிசோதனை. அது தவறிவிட்டது. டெல்லியின் புகைச் சான்றுகளைப் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அளித்த அறிக்கை 2025 ஏப்ரலில் சட்டசபையில் வைக்கப்பட்டது. 2015 முதல் 2020 வரை, வரம்புக்கு மிஞ்சிய வாயுவை வெளியிட்ட 1.08 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சான்று வழங்கப்பட்டதாக அவ்வறிக்கை கூறுகிறது. சோதனையும் சான்றும் ஒரே நிமிடத்தில் முடிந்த நிகழ்ச்சிகளும் அதிலே காணப்படுகின்றன.

சான்று பொய்யானால், அதனால் நட்டமடைபவர் யார்? காற்றைச் சுவாசிக்கும் அனைவரும் என்பது ஒரு விடை. வண்டியை ஒழுங்காகப் பேணும் ஏழை உரிமையாளர் என்பது மற்றொரு விடை. அவர் கையிலுள்ள மெய்ச்சான்றும், நூறு ரூபாய் மிகையாகக் கொடுத்து வாங்கிய பொய்ச்சான்றும் பார்வைக்கு ஒன்றே. இரண்டையும் வேறுபடுத்த இயலாத அரசு, முடிவில் வயதை அளவுகோலாகக் கொள்கிறது. ஏனெனில் பிறந்த தேதியைப் பொய்யாக்குவது கடினம். ஆகவே 'எல்லோரும் வாங்குகிறார்கள்' என்று வண்டியைக் காட்டாமலே சான்று வாங்குகிறவர், தம் வண்டிக்காக வாதாடும் உரிமையைத் தாமே விற்றுவிடுகிறார். 2021 ஜூனில் நாடு முழுமைக்கும் ஒரே வடிவமான சான்று ஏற்பட்டது. அதிலுள்ள கட்டக் குறியீட்டினாலும், மத்தியப் பதிவேடாகிய 'வாகன்' தொடர்பினாலும், தாளை மாற்றிக் காட்டும் தந்திரம் இனி நெடுநாள் செல்லாது. அதே விதியின்படி, தேறாத வண்டிக்குக் காரணத்தை எழுதிய மறுப்புச் சீட்டும் தரப்பட வேண்டும். அதனைக் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு அதைவிடச் சிறந்த மருந்துச் சீட்டு இல்லை.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

வேற்று மாநிலத்துக்கு மாற்றலாகிச் செல்வோர், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை அங்கே வைத்திருந்தால் அம்மாநிலத்துப் பதிவெண் பெறுதல் வேண்டும். அதற்கு முன் பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 28ஆம் படிவத்தின்மூலம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். தலைநகரில் வயது கடந்த வண்டியைத் தலைநகர் வட்டாரத்துக்கு வெளியே கொண்டுசெல்லவும் இச்சான்றே வழி. ஆனால் ஊருக்குக் கொண்டுபோய்விட்டால் கவலையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே வரி மீண்டும் செலுத்த வேண்டும். இங்கே செலுத்தியதில் எஞ்சிய பகுதியைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். தமிழ்நாட்டில் பழைய வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு. இவற்றையெல்லாம் கூட்டி வண்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

கணக்கு ஒத்துவராவிடில், பதிவு பெற்ற வண்டி உடைப்பு நிலையத்தில் ஒப்படைப்பதே முறை. அங்கே தரும் ஒப்படைப்புச் சான்றைக் காட்டிப் புதிய சரக்கு வண்டி வாங்கினால், வரியில் நூற்றுக்கு 15 வரை சலுகை தர 2021ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. சொந்தக் காருக்கு அது 25 வரை. தெருவில் பழைய இரும்பு வாங்குவோருக்குக் கொடுத்தால் இச்சலுகை கிடையாது. அன்றியும், பதிவு நீக்கப்படாத அவ்வண்டியை வேறொருவர் ஓட்டிக் குற்றம் புரிந்தால், அறிவிப்பு உங்கள் வீட்டுக்கே வரும்.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஆண்டுக்கு இருமுறை ஒன்றுகூடி, தத்தம் ஆர்.சி.யிலுள்ள தரத்தையும், மூன்று பத்திரங்களும் முடியும் நாட்களையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தால், முடிவு நாளுக்கு ஒரு மாதம் முன்னரே ஒருவரையொருவர் எச்சரிக்க இயலும். இந்தியில் வரும் அறிவிப்பைப் படிக்க இயலாமல் பொருளிழப்போருக்கு, படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் அரை மணி நேரம் உதவினால் போதும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் சிறிது அக்கறையுமே வேண்டும்.