நெய்தலின் இரு முகங்கள்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்பது தமிழிலக்கண மரபு. எனினும் நெய்தல் எங்கும் ஒரு தன்மைத்தன்று. கரை எப்பொருளால் ஆனது, அதன்மேல் எவ்வகை அலை மோதுகிறது என்பவற்றிற்கேற்ப அதன் தோற்றம் மாறும். மலேசியாவின் இரு கரைகளே இதற்குப் போதிய சான்றாகும்.

புஞ்சாக் ஆலாமிலிருந்து மேற்கே சென்றால் ஜெராம் கடற்கரை வரும். அங்குப் பாறையில்லை, பேரலையுமில்லை. எதிரே சுமத்திரா தீவு அரண்போல் நிற்பதால் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது. ஆறுகள் கொணரும் வண்டல் அவ்வமைதியில் படிந்து, கெராங் சிப்பி வாழும் சேற்றுவெளியாகிறது.

சபாவின் தென்கிழக்கே, செம்போர்னாவை அடுத்த கடலில் காட்சி வேறு. போட்காயா, போஹே டூலாங், தெத்தாகான் என்னும் தீவுகள் பண்டைய எரிமலை ஒன்றின் எஞ்சிய விளிம்பாகும். எரிமலையின் வாய்ப்பள்ளத்துள் கடல் புகுந்தது. பள்ளம் காயலாயிற்று, விளிம்பு தீவுகளாயிற்று. போஹே டூலாங்கின் உச்சி 353 மீட்டர் உயரமுடையது. எரிமலை கடலிடையே சிதைவது எத்துணைக் கொடிது என்பதை 1883 ஆகஸ்டு 27-இல் சுந்தா நீரிணையின் கிரக்கத்தாவ் காட்டிற்று. அப்பேரழிவில் 36,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அத்தகைய கரைக்கு முரட்டழகு வாய்ப்பது எவ்வாறு? உறைந்த தீக்குழம்பு கடினமானது. இறுகிய சாம்பல் பெரும்பாலும் மென்மையானது. மழையும் அலையும் மெலியதை அரித்துச் செல்ல, வலியது செங்குத்தாக நிற்கிறது. அரிப்பே அங்குச் சிற்பியாகிறது.

சேற்றுக்கரைக்கோ அரிப்பு கேடாகும். அதனைக் காப்பது, மலாய் மொழியில் பாக்காவ் எனப்படும் கண்டல் மரமே. அதன் வேர்கள் அலையைத் தணித்து வண்டலைப் பிடித்து வைக்கின்றன. கரையோரத் தோட்டங்களைக் கடல்நீர் புகாமல் காக்கும் மண்ணணைக்கும் அதுவே முன்னரண். கண்டலை வெட்டினால் அலை நேரே அணையைத் தாக்கும். அணை உடைந்தால் உவர்நீர் பயிர்நிலத்தில் புகும்.

கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்கா 1987-இலும், செம்போர்னாத் தீவுகளை உள்ளடக்கிய துன் சக்காரான் கடற்பூங்கா 2004-இலும் அமைந்தன. பாறைக்கரையைக் கண்டு வியப்பது எளிது. சேற்றுக்கரையின் அருமையோ சொல்லித் தெரியவேண்டியது. நெய்தல் பாடத்தில் கண்டல் என்னும் சொல் வருமிடத்தில் ஆசிரியர் ஜெராம் கரையைச் சுட்டினால், பழந்தமிழ்ச் சொல்லும் சொந்த ஊரும் மாணவர் உள்ளத்தில் ஒருங்கே பதியும்.