குளியலறைக் கண்ணாடித் தடுப்பு

ஷவர் எனப்படும் தூவாலையின் கீழ் நின்று குளிக்கும் இடத்தை, குளியலறையின் மற்ற பகுதியிலிருந்து கண்ணாடியால் பிரிக்கும் அமைப்பு குளியலறைக் கண்ணாடித் தடுப்பு ஆகும். பேச்சுவழக்கில் இது ஷவர் பார்ட்டிஷன், ஷவர் கேபின் என்று குறிப்பிடப்படுகிறது. குளிக்கும் நீர் வெளியே தெறிக்காமல் மற்றத் தரையை உலர்வாக வைத்திருப்பதே இதன் பயன். ஈரத் தரையில் வழுக்கி விழும் முதியவருக்கு இடுப்பு எலும்பு முறியலாம் என்பதால், இதை அலங்காரப் பொருளாக மட்டும் எண்ணுவது சரியன்று.

வகைகள்

நிலையாக நிற்கும் ஒற்றைப் பலகை, கீல் கதவு, தண்டவாளத்தில் நகரும் கதவு என மூன்று வகைகள் பரவலாக உள்ளன. நின்று குளிக்க உள்ளே குறைந்தது 3 அடிக்கு 3 அடி இடம் தேவை. வாளியில் நீர் பிடித்து, முக்காலியில் அமர்ந்து குளிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இந்த அளவு போதாது. அங்கே கதவே இல்லாத ஒற்றைப் பலகை பொருத்தமானது. கீல் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும்.

கண்ணாடி

சாதாரணக் கண்ணாடியைக் குளியலறையில் பயன்படுத்தக் கூடாது. உடைந்தால் அது கத்தி போன்ற நீண்ட துண்டுகளாகும். டஃபன்ட் கிளாஸ் எனப்படும் கடினமாக்கிய கண்ணாடியே வேண்டும். கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, குளிர்காற்றை வேகமாகச் செலுத்தி இதைச் செய்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பின்னர் குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை அழுத்திப் பிடிக்கிறது. இந்த அழுத்தமே அதற்கு நான்கைந்து மடங்கு வலிமை தருகிறது. உடைந்தால் கல்கண்டு போன்ற சிறு துண்டுகளாக உதிரும்.

இதன் பலவீனம் விளிம்பில் இருக்கிறது. பலகையின் நடுவில் கை ஓங்கித் தட்டினாலும் தாங்கும் கண்ணாடி, டைல்ஸ் தரையில் ஒரு மூலை இடித்தால் முழுவதுமாக நொறுங்கக்கூடும். ஆகவே பொருத்தும்போது கண்ணாடியை வெறுந்தரையில் நிறுத்தாமல் மரக்கட்டை அல்லது ரப்பர் மீது வைக்க வேண்டும். கடினமாக்கிய பின் இக்கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவு தவறினால் பலகை வீண்தான்.

அரிதாக, காரணமே தெரியாமலும் இது உடைவதுண்டு. தயாரிப்பின்போது உள்ளே தங்கிய நிக்கல் சல்பைடு துகள் நாளடைவில் விரிவடைவது அதற்கு ஒரு காரணம். வாங்கும்போது பலகையின் மூலையில் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

கதவுக்கு 8 மி.மீ. அல்லது 10 மி.மீ. தடிமன் வழக்கம். 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை கொண்டது. 2 அடி அகலமும் ஆறரை அடி உயரமும் உள்ள கதவு ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். இந்த எடை முழுவதும் இரண்டு கீல்களில் தொங்குகிறது. டைல்சுக்குப் பின்னால் சிமெண்ட் நிரம்பாமல் பொள்ளலாக இருந்தால் திருகு பிடிக்காது. விரல் கணுவால் தட்டிப் பார்த்தால் ஓசையிலேயே தெரிந்துவிடும்.

தரையும் வாட்டமும்

விலை உயர்ந்த கண்ணாடியைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தரையைக் கவனிக்காமல் விடுவதே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். நீர்ப்போக்கியை நோக்கி ஒவ்வொரு மீட்டருக்கும் 10 முதல் 15 மி.மீ. வரை வாட்டம் இருக்க வேண்டும். வாட்டம் கதவுப் பக்கம் சரிந்திருந்தால் எந்த ரப்பர் பட்டையும் நீரைத் தடுக்காது. கண்ணாடிக்குச் சொல்லும் முன்பே ஒரு வாளி நீரை ஊற்றி, அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்ப்பது நல்லது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னொரு கவலையும் உண்டு. தரையில் இடும் துளை, டைல்சுக்கு அடியிலுள்ள நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைக் கிழித்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும். கூடுமானவரை திருகு இல்லாமல் சிலிகான் பசையால் ஒட்டுவதும், துளை தவிர்க்க முடியாதபோது அதைச் சிலிகானால் நிரப்பிய பிறகே திருகுவதும் பாதுகாப்பானவை. இரண்டு அங்குலத் திண்டு நீரைத் தடுக்கும்; ஆனால் முழங்கால் வலியுள்ளவர் இருக்கும் வீட்டில் அது தடுக்கி விழவைக்கும். அங்கே திண்டைத் தவிர்த்து வாட்டத்தைச் சற்றுக் கூட்டுவது மேல்.

பொருத்துதல்

டைல்ஸ் வேலை முழுவதும் முடிந்த பின்னரே அளவு எடுக்க வேண்டும். சுவர்கள் பெரும்பாலும் தூக்குக்குண்டுக்கு நேராக இருப்பதில்லை. எனவே மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து கொள்வார்கள். பொருத்திய பின் சிலிகான் இறுக ஒரு நாளாவது நீர் படாமல் விட வேண்டும். கண்ணாடியைக் கூரை வரை உயர்த்தாமல் மேலே இடைவெளி விட்டால் நீராவி வெளியேறும்.

குளியலறைக்குள் எரிவாயு கீசர் இருந்தால் முதலில் அதை வெளியே மாற்ற வேண்டும். காற்றோட்டம் குறைந்த இடத்தில் எரிவாயு எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிப்பவர் உணருமுன் உயிர் போய்விடும்.

கதவின் கைப்பிடியும் துண்டு போடும் கம்பியும் உடல் எடையைத் தாங்கப் பொருத்தப்பட்டவை அல்ல. முதியோருக்கான பிடிகம்பியைச் சுவரில் தனியாக அமைக்க வேண்டும். எண்ணெய்க்குளியல் நாட்களில் தரை கூடுதலாக வழுக்கும் என்பதால், உள்ளே சொரசொரப்பான டைல்சே ஏற்றது.

பராமரிப்பு

ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ள ஊர்களில் கண்ணாடியில் வெள்ளை உப்புக்கறை படியும். குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் ஒருமுறை வழித்துவிட்டால் கறை சேராது. படிந்த கறையை நீர் கலந்த வினிகர் கரைக்கும். தரை பளிங்குக் கல்லாக இருந்தால் வினிகர் அதன் மேல் படக் கூடாது. ஆண்டுக்கொரு முறை கீல்களின் திருகுகளை இறுக்கி, கறுத்துப்போன சிலிகானைச் சுரண்டி எடுத்துப் புதிதாக இட வேண்டும்.