வளைகோடுகளுக்குச் சராசரி காண்பது எப்படி?

'சராசரி' என்ற சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது. பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில் மலையாள வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது நன்றாகத் தெரியும். கூட்ட வேண்டும், வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரே சோதனையைப் பலமுறை செய்து கிடைத்த வளைகோடுகளுக்குச் சராசரி காணும்போது, இந்த எளிய கணக்கே நம்மை ஏமாற்றிவிடும்.

ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் வெந்நீர் ஆறுவதை அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் 0, 10, 20 நிமிடங்களில் பார்த்தான்: 90, 70, 57 டிகிரி. தங்கை 0, 5, 15, 25 நிமிடங்களில் பார்த்தாள்: 90, 79, 63, 52 டிகிரி. இருவரின் இரண்டாவது அளவையும் கூட்டி வகுத்தால் 74.5 வருகிறது.

"மாமா, இது எத்தனாவது நிமிஷத்து சூடு?" என்று தங்கை கேட்டால் பதில் இல்லை. ஒன்று 10ஆம் நிமிடத்து அளவு, மற்றது 5ஆம் நிமிடத்து அளவு. வரிசை எண் ஒன்றானாலும் நேரம் ஒன்றல்லவே!

"முதல்ல ரெண்டு பேரையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவரணும் மக்களே" என்பதுதான் விடை. தங்கையின் 5, 15 நிமிட அளவுகளை நேர்கோட்டால் இணைத்தால், நடுவில் 10ஆம் நிமிடத்தில் 71 டிகிரி கிடைக்கும். இதை இடைக்கணிப்பு என்பர். இப்போது 70, 71 இரண்டின் சராசரி 70.5. இதற்குப் பொருள் உண்டு. ஆறும் நீரின் கோடு சற்றே தொய்ந்து வளைவதால், நேர்கோட்டு மதிப்பு உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆகவே வளைவு அதிகமுள்ள இடத்தில் அளவுகளை நெருக்கமாக எடுப்பது நல்லது.

இது பள்ளிக்கூடக் கணக்கு மட்டுமல்ல. நமக்கு வடக்கே, திருவனந்தபுரம் கடற்கரையிலுள்ள தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அது சோடியம் ஆவியை வெளியிட்டு, மேல்வானத்துக் காற்றை அறிய உதவியது. பின்னர் 1970களிலும் 1980களிலும் சோவியத் நாட்டு எம்-100 ராக்கெட்டுகள் அங்கிருந்து வாரந்தோறும் ஏவப்பட்டு, காற்றையும் வெப்பநிலையையும் அளந்தன. இப்படிப்பட்ட அளவுகளைச் சேர்த்துப் பார்க்க, முதலில் எல்லாவற்றையும் குறிப்பிட்ட உயரப் படிகளுக்கு மாற்றியாக வேண்டும்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. ஓர் உதாரணம்: 60 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று ராக்கெட்டுகள் காற்றின் வேகத்தை விநாடிக்கு 10, 20, 30 மீட்டர் என்று காட்டுகின்றன. சராசரி 20. அடுத்த கிலோமீட்டரில் மூன்றாவதன் அளவு கிடைக்கவில்லை; மற்ற இரண்டும் மாறாமல் 10, 20 என்றே இருக்கின்றன. சராசரி 15 ஆகிவிடுகிறது! உண்மையில் காற்று குறையவே இல்லை, கணக்கிலிருந்து ஓர் ஆள் போனதுதான் காரணம். இதைப் பார்த்து 'மேலே காற்று தணிகிறது' என்று எழுதினால், நடக்காத ஒன்றை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

ஆகவே ஒவ்வொரு சராசரிப் புள்ளிக்கும் பக்கத்தில், அது எத்தனை அளவுகளிலிருந்து வந்தது என்று எழுத வேண்டும். கோடு முடிந்த இடத்துக்கு அப்பால் அதை ஊகித்து நீட்டக் கூடாது. அண்ணனின் அளவு 20ஆம் நிமிடத்தோடு முடிந்தது. 25ஆம் நிமிடத்துக்குச் சராசரி இல்லை, தங்கையின் அளவு மட்டுமே உண்டு.

மூன்றாவதாக ஒன்று. ஒரு வாரம் காற்றின் உச்சம் 40 கிலோமீட்டரிலும், மறு வாரம் 44 கிலோமீட்டரிலும் இருந்தால், சராசரிக் கோட்டில் உச்சம் தாழ்ந்து பரந்து போகும். அந்த வடிவம் எந்த வாரத்திலும் இருந்ததல்ல. அப்போது உச்சத்தின் உயரத்துக்கும் வேகத்துக்கும் தனித்தனியே சராசரி காண்பதே முறை.

நம் பிள்ளைகள் சோதனை ஏட்டில் சராசரியை மட்டும் எழுதி நிறுத்தாமல், மூல அளவுகளையும் அப்படியே வைத்திருக்கட்டும். கணக்கில் தவறு இருந்தால் நாளை திருத்திக்கொள்ளலாம். அளவே இல்லையென்றால் எதைத் திருத்துவது?